பிடுங்கி நட்ட சிவப்புக் கட்டைகள்

தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போது வெளிநாட்டில் பனி தள்ளுகிறீர்கள். மற்றப் பாதி இங்கே ஜெயபுரத்திலும் பூநகரியிலும் வயலோடும் பன்றியோடும் மாரடிக்கிறீர்கள். நாங்கள் முப்பதைத் தாண்டிக் கொஞ்சக் காலம்தான். ஆனால் அத்தையின் செத்தவீட்டில் உங்களைப் பார்த்தபோது எல்லாருக்கும் ஐம்பது வயது சொல்லலாம் போல இருந்தது. ஒருத்திக்கு முன்பல் இல்லை, ஒருவனுக்குத் தலையில் மயிரில்லை. எனக்கு ஒரு கால் இல்லை, அது உங்களுக்குப் பழைய செய்தி.

அன்றைக்குப் பந்தலுக்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு உங்களில் ஒருவன் அத்தையின் மகளான மச்சாளைக் காட்டி, "உவதானே பத்தையைக் கண்டு பயந்த சம்பியன்" என்று கேட்டான். தாய் உள்ளே பெட்டியில் கிடக்கிறார், மகளுக்கு இந்தப் பட்டம். நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆளெண்டால் இவள்தான். கால் போன பிறகும் தானாய்த் தவண்டு வெளியில வந்தவள்" என்றீர்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருடமாக அந்தப் புகழைக் கூச்சமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறேன். எனக்கே என்னைக் கண்டால் அருவருப்பாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை உயிரோடு இருக்கும்வரை சொல்ல முடியாத காரணம் ஒன்று இருந்தது. காரியம் முடிந்த பிறகு மச்சாளிடம் கேட்டேன். "உன்ர விருப்பம்" என்றாள். அப்பாவிடமும் கேட்டேன், ஏனென்றால் இதில் அவரும் வருகிறார். கதிரையில் இருந்தபடி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எழுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா கடைசிச் சண்டையில் போய்விட்டார். நாங்கள் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய வருடமே அத்தை மிதிவெடி எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். முகமாலைப் பக்கத்தில் தங்கி வேலை, மாதத்தில் ஒரு கிழமை, ஏழு நாள்தான் வீடு. அவருடைய ஒரே மகள்தான் மச்சாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அத்தை இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில்தான் அவளுக்குச் சோறும் படுக்கையும்.

மிதிவெடி எடுக்கிறவர்கள் இருந்த வீடுகளில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது, உங்களில் சிலருக்கும் தெரியும். வேலைக்குப் போகிற ஆளுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. அவரோடு சண்டை பிடிக்கக் கூடாது, அவர் முன்னால் அழக் கூடாது. மண்ணைக் கிளறுகிற நேரத்தில் மனதில் வேறு ஒன்று ஓடினால் கை நடுங்கும், கை நடுங்கினால் முடிந்தது கதை. பள்ளியில் மச்சாளுக்குப் புள்ளி குறைந்தால்கூட நாங்கள் அத்தைக்குச் சொல்வதில்லை. ஆடு செத்ததை இரண்டு மாதம் மறைத்திருக்கிறோம். அத்தையும் கேட்கமாட்டார். வீட்டுக்கு வந்தால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு குசினி வாசலில் இருப்பார். எங்கள் இருவருக்கும் அவர் சொன்ன ஒரே புத்திமதி, "ஒருத்தரும் நடக்காத இடத்தில முதல் ஆளாய்க் காலை வைக்காதையுங்கோ. தவறி வைச்சிட்டியள் எண்டா வந்த அடையாளத்திலேயே திரும்புங்கோ" என்பது.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஊருக்குக் கோல்ஃப் வந்தது. சிரிக்காதீர்கள், அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்தான். குடிக்கத் தண்ணீர் பவுசர் வண்டியில் வருகிறது, கூரைக்கு ஓலை இல்லை, இதற்குள் வெள்ளைக் கையுறை போட்டுப் பந்தடிக்க ஆள் தேடி ஒருவர் வந்திருக்கிறார். அவரை நாங்கள் கனடாக்காரர் என்றோம். இந்தப் பக்கத்தில் பிறந்து இளவயதிலேயே போனவர், அங்கே கோல்ஃப் பழகியவர். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பல நாடுகள் சேர்ந்து ஓர் அணிப் போட்டி நடத்துகின்றன, அந்த முறை அது எங்கள் மலைநாட்டில் நடக்கப் போகிறது, அதில் புதிதாகத் தொடங்கிய அணிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, வன்னியில் இருந்து மூன்று பெண்பிள்ளைகளை அந்தப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பாடசாலை மண்டபத்தில் நின்று சொன்னார். எட்டு அணிகள். முதல் நான்குக்குள் வந்தால் மூன்று பேருக்கும் கொழும்பில் விடுதி, நல்ல பள்ளிக்கூடம், அடுத்த வருடப் போட்டிக்கு மலேசியா. செலவு முழுக்க அவருடையது.

என் ஆசை மலேசியா. மச்சாளுக்கு அந்தப் பள்ளிக்கூடம். எங்களுக்குக் கணித ஆசிரியர் இல்லாமல் ஒன்றரை வருடம் போயிருந்தது, நினைவிருக்கிறதா? மச்சாள் பழைய வினாத்தாள்களை வைத்துத் தானே போட்டுப் பார்த்து, விடை சரியா பிழையா என்று சொல்ல ஆளில்லாமல் இருந்தவள். "அங்க கணக்குக்கு மட்டும் ரெண்டு ரீச்சராம்" என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து அவள் கோல்ஃப் தடியைக் கீழே வைக்கவில்லை. பயிற்சிக்கு விட்ட வெட்டவெளியில் காலையும் பின்னேரமும் அடித்தாள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

மூன்றாவது பிள்ளை முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருந்து வந்தாள். கடற்றொழில் குடும்பம். கழுத்தில் சிலுவை, தலையில் எப்போதும் தேங்காய் எண்ணெய். காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று எங்களுக்கு முன்னமே சொல்லிவிடுவாள். அவளும் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். ஒரு பாயில் மூன்று பேர்.

வன்னி முழுவதிலும் கோல்ஃப் தெரிந்த ஒரே மனிதர் என் அப்பாதான் என்று அப்போதுதான் வெளியில் வந்தது. மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். கலவரத்தில் அடிபட்டு இங்கே வருவதற்கு முன், சின்னப் பையனாக ஒரு துரைமார் கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கியிருக்கிறார். அத்தை அப்போது கைக்குழந்தை, அதனால் அவருக்கு இந்தப் பக்கத்துப் பேச்சுத்தான் வந்தது. பத்தைக்குள் காணாமல் போகிற பந்துகளைத் தேடி எடுத்துக் கொடுப்பதும் அவருடைய வேலை. இதையெல்லாம் எங்களுக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கனடாக்காரர் தடிகளைப் பாயில் பரப்பியபோது அப்பா குனிந்து ஒன்றைத் தொட்டு, "இது ஏழாம் நம்பருங்க" என்றார். கனடாக்காரர் திகைத்துப் போனார். அன்றிரவு அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி, "பை தூக்குனவன் மக அங்க வெளையாடப் போறா" என்று தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பயிற்சிக்கு இடம், ஊருக்குப் பின்னால் மிதிவெடி எடுத்து முடிந்த ஒரு காணி. சொந்தக்காரர்கள் இந்தியாவில். காணியின் மேற்கு ஓரத்தில் வண்டில் பாதை. வடக்கு ஓரத்தில் வரிசையாகச் சிவப்புத் தலை வைத்த கட்டைகள், மண்டையோட்டுப் பலகை ஒன்று, அதற்கு அப்பால் ஈச்சம்பத்தையும் பாலைக் கன்றுகளும் மண்டிய புதர்க்காடு. கட்டைக்கு இந்தப் பக்கம் எடுத்தாயிற்று, அந்தப் பக்கம் இன்னும் எடுக்கவில்லை. இது எங்களுக்கு அரிவரி போல. பந்து அந்தப் பக்கம் போனால் போனதுதான். பயிற்சி தரக் கொழும்பில் இருந்து வந்த மாஸ்டர், சிங்களவர், கொச்சைத் தமிழ் பேசுவார், நல்ல மனிதர், அவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். பகல் பதினொரு மணிக்குத் தூரத்தில் எடுத்த வெடிகளை வெடிக்க வைப்பார்கள். தடியை ஓங்கியபடி நின்று, சத்தம் அடங்கிய பிறகு அடிப்போம்.

ஓகஸ்ட் விடுமுறையில் மலைக்குப் போனோம். அப்பாவும் வந்தார். குளிர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பல் கிடுகிடுத்தது. புல்லைப் பார்த்துவிட்டுக் கரையோரப் பிள்ளை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், மிதிக்க மனம் வரவில்லையாம். காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் ஜாமும் வெள்ளை மேசைத்துணியில் வைத்தார்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகள் காலுறையும் தொப்பியும் ஒரே நிறத்தில் போட்டிருந்தார்கள். எங்களுக்குக் கையுறை ஆளுக்கு ஒன்று, யாரோ பாவித்தது. எனக்குக் கிடைத்த ஆணிச் சப்பாத்து இரண்டு அளவு பெரிது, நுனிக்குள் பத்திரிகைத் தாள் திணித்துப் போட்டுக்கொண்டேன்.

முதல்நாள் மைதானத்தைச் சுற்றிக் காட்டும்போதுதான் அதைப் பார்த்தோம். ஓடையோரப் பத்தை நெடுகச் சிவப்புக் கட்டைகள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டோம். மாஸ்டருக்கு உடனே விளங்கியது. "இது அது இல்லை பிள்ளையள்" என்று சொல்லி, தானே கட்டையைத் தாண்டிப் போய் நின்று காட்டினார். பந்து கட்டைக்கு உள்ளே போனால் இரண்டு வழி. போய் அப்படியே அடிக்கலாம். அல்லது வெளியே வேறு பந்தைப் போட்டு அடிக்கலாம், அதற்குத் தண்டமாக ஓர் அடி கூடும்.

"அப்ப உள்ளுக்குப் போகத் தேவையில்லை" என்றாள் மச்சாள்.

"தேவையில்லை. ஒரு அடி குடுத்தா சரி. அதுவும் விதிதான்."

மச்சாள் தலையாட்டினாள். நானும் கரையோரப் பிள்ளையும் மாஸ்டர் நின்ற இடத்துக்கு மெல்லப் போய் நின்றோம், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தோம். அவள் வரவில்லை.

மூன்று நாள் போட்டி, நாளுக்கு ஒன்பது குழி, குறைந்த அடியில் முடிப்பவர் முன்னுக்கு. ஒவ்வொரு நாளும் மூன்று பேரில் நன்றாக ஆடிய இருவரின் அடிக்கணக்கு அட்டைதான் அணிக்குச் சேரும். மூன்று நாளும் மச்சாளின் அட்டை சேர்ந்தது. எங்களில் அவள்தான் கெட்டிக்காரி, இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மூன்று நாளிலும் சேர்த்து நான்கு முறை அவளுடைய பந்து சிவப்புக் கட்டைக்கு உள்ளே போனது. நான்கு முறையும் கட்டைக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு பந்தைப் போட்டு, ஒரு அடியைக் கூட்டி எழுதச் சொன்னாள். கடைசி நாள் பந்து இரண்டு காலடி தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. கூட ஆடிய நேபாளத்துப் பிள்ளை உள்ளே போய் அதற்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினாள். கயிற்றுக்கு வெளியே நின்ற அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "போம்மா, உள்ள ஒண்ணுமே இல்ல, நான் அந்தப் பொதைக்குள்ளேயே வளந்தவன்" என்று கத்தினார். ஒரு அதிகாரி வந்து அவரைப் பின்னால் போகச் சொன்னார். மச்சாள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. பிறகு பையில் இருந்து வேறு பந்தை எடுத்தாள்.

ஐந்தாவதாக வந்தோம். நான்காவது அணிக்கும் எங்களுக்கும் இரண்டு அடி வித்தியாசம்.

அன்று மத்தியானம் கனடாக்காரர் சாப்பாட்டு மண்டபத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஆளுக்கு ஒன்றாக எங்கள் மூன்று பேரின் அட்டைகளும் இருந்தன. அவர் கெட்டவரில்லை, இன்றைக்கும் சொல்வேன். தோற்றாலும் விடுவதில்லை, உங்களில் இரண்டு பேரையாவது கொழும்புக்குக் கொண்டுபோவேன், மூன்றாவதற்கு வேறு பிள்ளை பார்க்கலாம் என்றார். பிறகு கேட்டார், "உங்கட மச்சாள் நல்லா அடிக்கிறா. இந்தப் பயத்தைப் பழக்கி எடுக்கலாமோ? நீ கூட இருக்கிற பிள்ளை, நீ சொல்லு."

நான் என்ன சொல்லியிருக்கலாம்? அவளுடைய தாய் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தாய் அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைக் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். தோன்றியது. இரண்டு இடம்தான் இருக்கிறது என்பதும் அதே நேரத்தில் தோன்றியது. "அவ போகமாட்டா. என்ன சொன்னாலும் போகமாட்டா" என்றேன். கனடாக்காரர் பெருமூச்சு விட்டு ஓர் அட்டையை மற்ற இரண்டுக்கும் கீழே வைத்தார்.

திரும்பி வருகிற வான் வண்டியில் மச்சாள் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். தான் தள்ளப்பட்டது அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. வண்டி வவுனியாவைத் தாண்டியது. பிறகு என் காதுக்குள், "அங்க தாற கணக்குக் கொப்பியைப் பார்த்து எழுதி எனக்கு அனுப்புவியோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

ஊருக்கு வந்ததும் நீங்கள் செய்த திருவிளையாடல் உங்களுக்கே நினைவிருக்கும். கரும்பலகையில் பத்தை வரைந்து அதற்கு முன்னால் பாவாடை போட்ட ஓர் உருவம் வரைந்தீர்கள். அவள் வகுப்புக்குள் வரும்போது யாராவது ஒரு கட்டையை வாசலில் போட்டு வைப்பீர்கள். அந்தக் கதையை அப்பா தேத்தண்ணிக் கடையில் சொல்லித்தான் உங்களுக்கு வந்தது. அப்பாவுக்கு ஆற்றாமை. "இவ்வளவு தூரம் கொண்டு போயி, ரெண்டு எட்டு வெக்க மாட்டேன்னுட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார். அத்தை விடுப்பில் வந்தபோது மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். அணியில் வேறு பிள்ளைக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் அத்தைக்குச் சொல்லப்பட்டது. அத்தை மகளின் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனார்.

மாரி தொடங்கியதும் மிதிவெடி எடுக்கிறவர்கள் எங்கள் காணிக்குப் பக்கத்து வேலையை நிறுத்தி, கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மழை விட்டதும் வருவதாக ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அப்பா அதைக் கேட்கவில்லையா, கேட்டும் நம்பவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "முடிஞ்சிருச்சு, அதான் போயிட்டாங்க. மாடு உள்ள மேயுது பாரு" என்றார். மண்டையோட்டுப் பலகையை ஏற்கெனவே யாரோ கோழிக்கூட்டுக்கு எடுத்துவிட்டார்கள். இங்கே ஒரு நல்ல கட்டையோ பலகையோ நிலத்தில் சும்மா நின்றதில்லை, நீங்களும் நானும் அறிந்ததுதான்.

நான் தையில் கொழும்புக்குப் போக வேண்டும். எனக்கும் மச்சாளின் பயம் தொற்றிவிடக் கூடாது என்பது அப்பாவின் கவலை. மலைமைதானம் போலவே எனக்குப் பழக்க நினைத்தார். அதற்குச் சிவப்புக் கட்டை வேண்டும். சிவப்புக் கட்டைகள்தான் காணி எல்லையில் வரிசையாக நிற்கின்றனவே. ஒரு பின்னேரம் போய், ஏழு கட்டைகளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். மச்சாள் பாதையில் நின்று, "மாமா, அதைப் பிடுங்காதேங்கோ. அம்மா அறிஞ்சா பேசுவா" என்றாள்.

"ஒங்கம்மா பேசுனா நான் பாத்துக்குறேன். நீ பயந்தது போதும், இந்தப் புள்ளையையும் பயமுறுத்தாத."

பிடுங்கிய கட்டைகளைப் பத்தைக்குள் பதினைந்து இருபது காலடி தள்ளி, ஓடை வளைவதுபோல் வளைத்து நட்டார். நடுவில் இருந்த துண்டு நிலம் இப்போது எங்கள் மைதானத்தின் பகுதியாகிவிட்டது. அவரே அதற்குள் நடந்துதான் நட்டார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவர் தலையிலும் என் தலையிலும் விழுந்த கேடு. யாரோ பொடியன்கள் பிடுங்கி நட்டார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டது அப்பா சொன்ன பொய். அத்தை என் கால் போன பிறகு வந்து அந்த ஏழு குழிகளையும் பார்த்தார். "அண்ணே, ஆரெண்டு நான் கேக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு சாகும்வரை அப்பாவோடு நேர்ப்பேச்சு இல்லை.

மார்கழியில் மழை ஒருநாள் விட்டது. மத்தியானம் இருக்கும். அப்பா வயலுக்குப் போயிருந்தார், கரையோரப் பிள்ளை விடுமுறைக்குத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அடித்த பந்து அந்தத் துண்டு நிலத்தில் விழுந்து பத்தையடியில் நின்றது. மச்சாள் எனக்குப் பந்து பொறுக்கித் தர வந்திருந்தாள். ஆமாம், அணியில் இருந்து தள்ளப்பட்ட பிறகும் வந்தாள், நான் தனியாக அந்தக் காணிக்குப் போகக் கூடாது என்று.

"விடு. வேற பந்து அடி" என்றாள்.

"புதுப்பந்து. நாலுதான் இருக்கு."

"கட்டை முந்தி நிண்ட இடம் எது எண்டு உனக்குத் தெரியும்."

"உன்னைப்போல எல்லாரும் பயந்து சாகேலாது" என்றேன். நான் அவளுக்குச் சொன்ன வார்த்தை அது. சொல்லிவிட்டுத் தடியும் கையுமாக அந்தப் பெரிய ஆணிச் சப்பாத்தோடு உள்ளே நடந்தேன்.

பதினொரு காலடி. பிறகு எண்ணித் தெரிந்துகொண்டது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மண் வாய்க்குள் போனதும், வெடிமருந்தும் பச்சை இலையும் கருகிய மணமும்தான் நினைவு. எழும்பப் பார்த்தேன், ஒரு பக்கம் நிலம் இல்லாததுபோல் இருந்தது.

"அசையாதை" என்று மச்சாள் கத்தினாள். "கையை நிலத்தில ஊண்டாதை. அப்பிடியே கிட."

நான் அவளைக் கெட்ட வார்த்தையால் ஏசினேன். வா என்றேன், ஓடி வா என்றேன், பயந்தாங்கொள்ளி என்றேன். அவள் எல்லையில் பிடுங்கிய குழிகளுக்குப் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்களைக் கூப்பிட ஓடியிருக்கலாம். ஊர் அரை மைல் தூரம், அதற்குள் எனக்கு இரத்தம் முழுக்கப் போயிருக்கும். அது அவளுக்குத் தெரியும். தாயிடம் கேட்டு வளர்ந்தவள்.

ஈரமண்ணில் என் சப்பாத்தின் ஆணித்தடம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அவள் தன் செருப்பைக் கழற்றினாள். முதல் தடத்துக்கு மேலே வெறுங்காலை வைத்தாள். நின்றாள். அடுத்த தடத்தைத் தேடினாள். புல் மூடிய இடத்தில் குனிந்து விரலால் புல்லை விலக்கித் தடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகு காலை வைத்தாள். வாய் ஏதோ முணுமுணுத்தது, எண்ணுகிறாள் என்று பிறகுதான் விளங்கியது. நான் ஏசுவதை நிறுத்திவிட்டேன். ஒரு பந்துக்காக இரண்டு காலடி வைக்கமாட்டேன் என்று நின்ற பெண், கணக்குப் பள்ளிக்கூடமே போனாலும் பரவாயில்லை என்று நின்ற பெண், வந்துகொண்டிருந்தாள். ஒரு காலடி என்ன விலை என்று எங்கள் எல்லாரிலும் அவளுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. அந்த விலையைத் தெரிந்துகொண்டுதான் வந்தாள்.

தாவணியால் என் தொடையைச் சுற்றி, பந்தடிக்கிற தடியை முடிச்சுக்குள் விட்டு முறுக்கிக் கட்டினாள். என்னை முதுகில் போட்டுக்கொண்டாள். அதே தடங்களில் பாதைவரை திரும்பினாள். நான் அவளைவிடப் பாரம். இரண்டு முறை தள்ளாடினாள், இரண்டு முறையும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பிறகுதான் காலை எடுத்தாள்.

வண்டில் பாதையில் என்னைக் கிடத்திவிட்டு உதவி கேட்டுக் கத்தினாள். உழவு இயந்திரம் ஒன்று வரும் சத்தம் கேட்டது. அப்போதுதான் என் முகத்துக்குக் கிட்டக் குனிந்து சொன்னாள். "நான் உள்ளுக்கு வந்தது அம்மாக்குத் தெரியக் கூடாது. நாளைக்கு அவ வேலைக்குப் போற ஆள். நீயாய்த் தவண்டு வந்தனி எண்டு சொல்லுவம்."

அத்தை அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் அந்த வேலை செய்தார். மகள் வெறுங்காலோடு மிதிவெடிக் காணிக்குள் நடந்ததை ஒருநாளும் அறியாமலே செய்தார். சிறுநீரக வருத்தத்தில் முகம் வீங்கிப் படுத்த பிறகும் மச்சாள் சொல்லவில்லை. அவளுக்குக் கொழும்பும் கிடைக்கவில்லை, கணக்கும் கிடைக்கவில்லை. கிளிநொச்சித் தையல் தொழிற்சாலைக்குக் காலை ஐந்து மணி பஸ்ஸில் போய் வருகிறாள், உங்களுக்குத் தெரியும். நான் மேடையேறி மாலை வாங்கினேன். தானே தவழ்ந்து வந்த வீரப்பிள்ளை என்று பத்திரிகையில் போட்டார்கள். செயற்கைக் கால் தந்தார்கள், உபகாரச் சம்பளம் தந்தார்கள், அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் இன்று கந்தோரில் உத்தியோகக் கதிரையில் இருக்கிறேன். அத்தைக்குச் சொல்லாதே என்றுதான் மச்சாள் கேட்டாள். அப்பாவுக்குச் சொல்லியிருக்கலாம். உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். நீங்கள் கைதட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று பின்னேரம் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். அப்பா வயல் சேறு காயாத காலோடு ஓடி வந்தார். கட்டிலடியில் நின்று என் காலைப் பார்த்தார், இல்லாத காலைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற மச்சாளிடம் போய், "நீ எங்க நின்ன?" என்று கேட்டார்.

"பாதையில நிண்டனான், மாமா. இவள் தானாய்த் தவண்டு வந்தவள்."

"பக்கத்துலேயே நின்னுருக்க. ஒரு கால எடுத்து உள்ள வெக்கல நீ. அன்னிக்கும் வெக்கல, இன்னிக்கும் வெக்கல."

"ஓம் மாமா" என்றாள் மச்சாள்.

அவளுடைய சட்டையின் முதுகுப் பக்கம் முழுக்க என் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அது எப்படி முதுகில் வந்தது என்று அங்கே நின்ற ஒருவரும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் விழித்துத்தான் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.